மருந்துக்குச் சாகாத களை! பொறுப்பு யார்?

  

நெல்லுக்கு விலை கேட்டிருக்கிறோம். கரும்புப் பாக்கி கேட்டிருக்கிறோம். காவிரித் தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பிரசுரத்தில் நாம் பேசப் போவது களையைப் பற்றி. "களைக்கெல்லாம் ஒரு போராட்டமா?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று நம் முன்னோர் சும்மா சொல்லி வைக்கவில்லை. முக்கால் பயிரை வாயில் போட்டுக்கொள்ளும் எதிரி, இப்போது மருந்துக்கும் சாகாமல் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க 260-க்கும் மேற்பட்ட களை வகைகள் ஏதாவது ஒரு களைக்கொல்லிக்காவது அடங்காதவை ஆகிவிட்டன. இதில் நம் நாட்டுக் களைகளும் உண்டு.

மருந்து அடித்தும் களை சாகவில்லை என்று நாம் போய்ச் சொன்னால் கிடைக்கும் பதில் என்ன? "நீ அடிச்ச முறை சரியில்ல, அளவு சரியில்ல, அடுத்த தடவை இந்தப் புது மருந்தை அடி." பழி விவசாயி மேல், லாபம் கம்பெனிக்கு. உண்மை என்ன என்று நாம் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பதிலை எதிர்த்து நிற்க முடியும்.

அரியானா விவசாயி பட்ட பாடு

அரியானா, பஞ்சாப் மாநிலங்களில் கோதுமைதான் குளிர்காலப் பயிர். பசுமைப் புரட்சியில் குட்டை ரகக் கோதுமை வந்தது, ஆழ்குழாய்க் கிணறு வந்தது, நெல்லும் வந்தது. மழைக்காலத்தில் நெல், குளிர்காலத்தில் கோதுமை, மறுபடியும் நெல், மறுபடியும் கோதுமை. இந்தச் சுழற்சியில் ஒரு புல் சந்தோசமாக வளர்ந்தது. அங்கே அதை மண்டூசி என்கிறார்கள், குல்லி டண்டா என்றும் சொல்கிறார்கள். சின்ன வயதில் கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கதிர் தள்ளும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். கையால் களையெடுக்கவும் வழியில்லை.

அப்போது ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லியைச் சிபாரிசு செய்தார்கள். விலை குறைவு, வேலை நன்றாகச் செய்தது. 1980களில் அத்தனை கோதுமை வயலிலும் அதுதான். பத்து, பதினைந்து வருடம் மாற்று இல்லாமல் அதையே அடித்தார்கள். மாற்றச் சொல்லி எச்சரிக்கவும் ஆள் இல்லை.

1990களின் தொடக்கத்தில் கதை மாறியது. மருந்து அடித்தார்கள், மண்டூசி சாகவில்லை. இரண்டு பங்கு அடித்தார்கள், அப்போதும் சாகவில்லை. 1992-93 வாக்கில் ஹிசாரில் உள்ள அரியானா வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, இந்தப் புல் அந்த மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டது என்று உறுதி செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோதுமையை விடப் புல் அதிகமாக நின்ற வயல்களைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குத் தீவனமாகப் போட்டார்கள் விவசாயிகள். 1990களின் நடுவில் வடமேற்கு இந்தியாவில் 20 லட்சம் ஏக்கர் முதல் 25 லட்சம் ஏக்கர் வரை பாதிப்பு என்று கணக்கிட்டார்கள். நாட்டுக்கே ரொட்டி போட்ட விவசாயி, தன் கோதுமையை மாட்டுக்குப் போட்டான்.

பிறகு என்ன செய்தார்கள்? 1997-98 முதல் புது மருந்துகளைச் சிபாரிசு செய்தார்கள். குளோடினாபாப், பெனாக்சாபிராப், சல்போசல்பியூரான். பழைய மருந்தை விட விலை கூடுதல். சில வருடம் வேலை செய்தன. பிறகு அவற்றுக்கும் மண்டூசி அடங்கவில்லை. ஒரே புல் பல மருந்துகளைத் தாங்குகிறது என்று 2008-இல் விஞ்ஞானிகளே ஆய்வு வெளியிட்டு எச்சரித்தார்கள். ஒரு மருந்து தோற்றால் அடுத்த மருந்து, அது தோற்றால் அதற்கடுத்த மருந்து. ஒவ்வொரு படியிலும் செலவு ஏறியது, களை குறையவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது. நெல், கோதுமை இரண்டை மட்டுமே மாற்றி மாற்றிப் போட்ட வயல்களில்தான் இந்தச் சாகாத புல் மிக அதிகம். இடையில் கரும்பு, சூரியகாந்தி, காய்கறி, தீவனப் பயிர் என்று மாற்றிப் போட்ட வயல்களில் குறைவு. இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி தீர்வு கையில் வந்துவிடும்.

களை எப்படித் தப்பிக்கிறது?

களைக்கொல்லி அடித்ததால் களைக்கு உடம்பு பழகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாராயம் குடித்துப் பழகிய மாதிரி என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சரியில்லை. ஒரு தனிச் செடி பழகுவதில்லை. நடப்பது வேறு.

ஒரு வயலில் லட்சக்கணக்கான களைச் செடிகள் முளைக்கின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அது போலவே அந்த லட்சத்தில் எங்கேயோ ஒன்று, பிறக்கும்போதே அந்த மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறக்கிறது. மருந்து வருவதற்கு முன்னாலும் அது இருந்தது. அப்போது அதனால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. நாம் மருந்து அடிக்கும்போது மற்றதெல்லாம் சாகிறது, அது மட்டும் நிற்கிறது. போட்டி இல்லை, இடம் தாராளம், உரம் தாராளம். பூத்து, விதைத்து, உதிர்த்துவிட்டுப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் களை முளைக்கும் வயலில் ஒன்றே ஒன்று மருந்துக்குத் தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உதிர்த்த விதையில் எறும்பு தின்றது, மக்கியது போக 20 மட்டும் அடுத்த வருடம் செடியாகி நிற்கட்டும். முதல் வருடம் 1. இரண்டாம் வருடம் 20. மூன்றாம் வருடம் 400. நாலாம் வருடம் 8,000. ஐந்தாம் வருடம் 1,60,000. ஆறாம் வருடம் 32 லட்சம். முதல் மூன்று வருடம் நம் கண்ணுக்கே தெரியாது. "மருந்து சூப்பரா கேக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். ஐந்தாம் வருடம் "இந்தத் தடவை சரக்கு டூப்ளிகேட்" என்போம். ஆறாம் வருடம் வயலே களையாக நிற்கும்.

ஆக, நாம் அடிக்கிற ஒரே மருந்துதான் விதை நெல் பொறுக்குகிற மாதிரி, சாகாத களையைப் பொறுக்கி எடுத்து வளர்த்து விடுகிறது.

அந்தச் செடி எப்படித் தாங்குகிறது? பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, பூட்டு மாறிவிடுவது. களைக்கொல்லி என்பது செடிக்குள் இருக்கும் ஒரு பூட்டுக்குள் நுழையும் சாவி மாதிரி. செடி வளரத் தேவையான ஒரு வேலையை அந்த இடத்தில் போய் அடைத்துவிடும். தப்பிக்கும் செடியில் அந்தப் பூட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். சாவி நுழையாது. எவ்வளவு ஊற்றினாலும் நுழையாது.

இரண்டாவது வழி, செரித்து விடுவது. ஐசோபுரோட்டூரான் அடித்தால் கோதுமை ஏன் சாவதில்லை? கோதுமை அந்த மருந்தைத் தன் உடம்புக்குள் உடைத்துச் செரித்துவிடும். மண்டூசியும் அதே வேலையைச் செய்யும் வல்லமை பெற்றது. இந்த இரண்டாவது வழி ரொம்ப ஆபத்து. ஒரு மருந்தைச் செரிக்கத் தெரிந்த களை, நாம் வாங்கியே பார்க்காத இன்னொரு மருந்தையும் செரிக்கக்கூடும். காசை மிச்சம் பிடிக்க அரை அளவு, முக்கால் அளவு அடித்தால் அரைகுறையாகச் செரிக்கிற செடிகளும் பிழைத்து, ஒன்றோடொன்று மகரந்தம் சேர்ந்து, அடுத்த தலைமுறை இன்னும் பலமாக வரும். ஆஸ்திரேலியாவில் ஒரு புல்லை வைத்து இதைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள்.

பெயர் வேறு, வேலை ஒன்று!

"நாங்கதான் வருசா வருசம் மருந்தை மாத்துறோமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மாற்றுவது எதை? டப்பாவின் நிறத்தையா, உள்ளே இருக்கும் மருந்தின் வேலையையா?

நெல் வயலில் அடிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம், பெனாக்ஸ்சுலாம், பென்சல்பியூரான், பைரசோசல்பியூரான், எத்தாக்சிசல்பியூரான் ஆகிய ஐந்தும் ஒரே பூட்டுக்குப் போகும் ஐந்து சாவிகள். போன வருடம் பிஸ்பைரிபேக், இந்த வருடம் பெனாக்ஸ்சுலாம் என்று அடித்தால் நாம் எதையும் மாற்றவில்லை. பூட்டாகுளோரும் பிரிட்டிலாகுளோரும் வேறொரு பூட்டுக்கு இரண்டு சாவிகள். பூட்டாகுளோரை விட்டுப் பிரிட்டிலாகுளோருக்குப் போனாலும் அதே கதைதான். பிரிட்டிலாகுளோரும் பென்சல்பியூரானும் கலந்த குருணையை நட்டவுடன் போட்டுவிட்டு, பிறகு பிஸ்பைரிபேக் அடித்தால் ஒரே பருவத்தில் ஒரே பூட்டை இரண்டு தடவை ஆட்டியிருக்கிறோம்.

உலக அளவில் இதற்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிஸ்பைரிபேக் கூட்டம் 2, பூட்டாகுளோர் கூட்டம் 15, 2,4-டி 4, சைகலோபாப் 1, மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் 5. எண் மாறினால்தான் மருந்து மாறியது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் இந்தக் கூட்டத்தைக் குறிப்பிடாமல் களைக்கொல்லி டப்பாவை விற்க முடியாது. நம் ஊரில்? டப்பாவோடு வரும் காகிதத்தைப் பிரித்தால் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாது. கம்பெனிப் பெயரும் படமும் மட்டும் பெரிதாக இருக்கிறது. ஒரே சரக்குக்குப் பத்துக் கம்பெனி பத்துப் பெயர் வைத்து விற்கிறது. விவசாயி எப்படி மாற்றுவான்? மாற்றத் தெரியாமல் நாம் நிற்கவில்லை. மாற்ற முடியாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. புது விதமான பூட்டைத் திறக்கும் களைக்கொல்லி 1980களுக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் சந்தைக்கு வரவே இல்லை. புதுசு புதுசாக வந்ததெல்லாம் பெரும்பாலும் பழைய சாவிக்குப் புது முலாம். கையில் இருக்கும் சில சாவிகளையும் நாம் தேய்த்துத் தீர்த்துவிட்டால் நாளைக்கு வேறு இல்லை.

அது வடக்கே, நமக்கென்ன?

அப்படி நினைத்தால் ஏமாந்து போவோம். சத்தீஸ்கர், கேரளா நெல் வயல்களில் வளரும் ஒரு கோரை வகை பிஸ்பைரிபேக் சோடியத்துக்குச் சாகவில்லை என்று ஜபல்பூரில் உள்ள மத்திய அரசின் களை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2021-இல் ஆய்வு வெளியிட்டார்கள். இது கோதுமை இல்லை, நெல். அரியானா இல்லை, பக்கத்து மாநிலம் கேரளா. நம் வயலில் அடிக்கும் அதே மருந்து. நம் வயலில் முளைக்கும் கோரைக்கு அது அண்ணன் தம்பி.

களை விதைக்கு மாநில எல்லை கிடையாது. விதை நெல்லில் கலந்து வரும். வாய்க்கால் தண்ணீரில் மிதந்து வரும். மட்காத எருவில் வரும். வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் ஏறி வரும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வரும்.

நாம் ஏன் மருந்துக்குப் போனோம்?

"விவசாயி சோம்பேறி ஆயிட்டான், அதான் மருந்து அடிக்கிறான்" என்று ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒரு நாள் வயலுக்கு வரட்டும்.

நட்ட வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் குதிரைவாலிப் புல் விதை பாதிக்கு மேல் முளைக்காது. தண்ணீர்தான் நம் தாத்தா காலத்துக் களைக்கொல்லி. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வருகிறதா? மேட்டூர் திறந்து எத்தனை நாள் கழித்து வருகிறது? வாய்க்கால் தூர் வாராமல், முறை வைத்து விட்ட தண்ணீரும் பாதி வழியில் நிற்கிறது. நாற்று விட்டு நட வழியில்லாமல் புழுதி விதைப்புக்கும் நேரடி விதைப்புக்கும் போனோம். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். வரிசையும் இல்லை, தண்ணீரும் நிற்பதில்லை. அங்கே மருந்தில்லாமல் முடியாது என்ற நிலைக்குத் தள்ளப்பட்டோம்.

களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறோம். உண்மைதான். அதற்காகக் களையெடுக்கும் தாய்மார்கள் கூலி கேட்பது தவறு என்று நம் சங்கம் ஒருபோதும் சொல்லாது. நாள் முழுக்க முதுகை வளைத்துச் சேற்றில் நிற்கிறவர்களுக்குக் கட்டுப்படியான கூலி வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்கிற மாதிரி நெல்லுக்கு விலை வேண்டும். நெல் விலையை அமுக்கி வைத்துவிட்டு, சிறு விவசாயியையும் கூலிக்காரரையும் மோத விட்டு, நடுவில் மருந்து டப்பாவை நீட்டுகிறார்கள். இந்தச் சூழ்ச்சிக்கு நாம் பலியாகக் கூடாது.

யோசனை சொல்ல வேண்டிய வேளாண்மை அலுவலர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? அவரைத் தேடிப் போனால் திட்டம், மானியம், பட்டியல், போட்டோ என்று அலைந்துகொண்டிருக்கிறார். கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் நமக்கு வேளாண் விஞ்ஞானி. கடைக்காரரையும் குறை சொல்லிப் பயனில்லை. எதில் கமிசன் அதிகமோ அதை எடுத்துக் கொடுப்பது அவர் வியாபாரம். யோசனை சொல்லும் வேலையை வியாபாரத்திடம் ஒப்படைத்தது அரசு. பொறுப்பும் அரசுடையதுதான்.

இப்போது வருவது களைக்கொல்லி தாங்கும் விதை

வயிற்றில் புளியைக் கரைக்கும் இன்னொரு செய்தி. களைக்கொல்லியை நெல்லின் மேலேயே அடிக்கலாம், நெல் சாகாது, களை மட்டும் சாகும் என்று சொல்லி ரகங்கள் வருகின்றன. மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2021-இல் இப்படி இரண்டு பாசுமதி ரகங்களை வெளியிட்டது. அவை தாங்கும் மருந்து இமாசெத்தாபிர். அது எந்தக் கூட்டம் தெரியுமா? அதே 2ஆம் எண். பிஸ்பைரிபேக் போகும் அதே பூட்டு. ஒரு கோரை ஏற்கெனவே மாற்றிக்கொண்டுவிட்ட பூட்டு!

இது மரபணு மாற்றுப் பயிர் இல்லை என்கிறார்கள். சரிதான், இந்தப் பாசுமதி ரகங்கள் மரபணு மாற்றியவை இல்லை. நம் கேள்வி அதுவல்ல. ஒரே மருந்தை லட்சக்கணக்கான ஏக்கரில் வருடா வருடம் அடிக்க வைத்தால் மேலே நாம் போட்ட கணக்கு எத்தனை வேகமாக ஓடும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இதே பூட்டுக்கான மருந்தைத் தாங்கும் நெல்லை 2002-இல் கொண்டு வந்தார்கள். களை நெல்லை ஒழிக்கத்தான் கொண்டு வந்தார்கள். களை நெல்லும் நெல்தானே? சில வருடத்துக்குள்ளேயே பயிர் நெல்லோடு மகரந்தம் சேர்ந்து களை நெல்லும் அந்த மருந்தைத் தாங்க ஆரம்பித்தது. எதை ஒழிக்கப் போனார்களோ அதற்கே கவசம் மாட்டிவிட்டார்கள்.

அங்கேயே இன்னொரு கதை. கிளைபோசேட் தாங்கும் சோயாவை 1996-லும் பருத்தியை அடுத்த ஆண்டிலும் இறக்கினார்கள். இனிமேல் களைக் கவலையே இல்லை என்றார்கள். நம்ம ஊர் முள்ளுக்கீரை, தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி அங்கே பருத்திக் காட்டுக் களை. ஒரு செடி லட்சக்கணக்கில் விதை போடும். 2005-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அது கிளைபோசேட்டுக்கு அடங்கவில்லை என்று உறுதியானது. ஆயிரம் ஏக்கர் வைத்து, விமானத்தில் மருந்து அடித்த பண்ணைக்காரர்கள், கூலி ஆள் வைத்துக் கையில் மண்வெட்டி கொடுத்துக் களை வெட்டும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வங்கி இருக்கிறது, மானியம் இருக்கிறது. மூணு மா நிலத்தை வைத்துக்கொண்டு கழுத்தளவு கடனில் நிற்கும் நமக்கு என்ன இருக்கிறது?

மருந்து கேட்கவில்லை என்றால் என்ன பார்ப்பது?

களை சாகாததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று நாமும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. போலிச் சரக்காக இருக்கலாம். நாலு இலைக்கு மேல் களை முற்றிய பிறகு அடித்திருக்கலாம். அடித்தவுடன் மழை பெய்திருக்கலாம். இதையெல்லாம் தள்ளிப் பார்த்த பிறகு மூன்று அடையாளம் தேடுங்கள்.

ஒன்று, அந்த மருந்துக்குச் சாக வேண்டிய மற்றக் களைகள் செத்து, ஒரே ஒரு இனம் மட்டும் நிற்கிறதா?

இரண்டு, அதே இனத்தில் செத்த செடியும் சாகாத செடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறதா?

மூன்று, போன வருடம் ஒரு திட்டாக நின்ற இடத்தில் இந்த வருடம் அது பெரிய திட்டாகப் பரவியிருக்கிறதா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் அதே மருந்தை இரண்டு பங்கு ஊற்றாதீர்கள். காசும் போகும், மண்ணும் கெடும், களையும் நிற்கும். அந்தத் திட்டில் நிற்பதைப் பூப்பதற்கு முன் கையால் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வரப்பில் போட்டு விதை உதிர விடாதீர்கள். ஊர்ச் சங்கக் கிளையில் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை வருடமாக என்று எழுதிக் கொடுங்கள். பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில் இல்லையென்றால் நாளைக்கு நமக்குப் பேச வாய் இல்லை.

நம் கையில் இருப்பது

களைக்கொல்லியை அறவே விடு என்று இன்றைக்கு நாம் சொல்லவில்லை. ஆள் இல்லாத, தண்ணீர் இல்லாத நேரத்தில் அதுவும் ஒரு கருவி. கருவி மழுங்காமல் இருக்க வேண்டும் என்றால் அதை மட்டுமே நம்பக் கூடாது.

கோடை உழவை விடாதீர்கள். விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, உழுது மடக்குங்கள். தக்கைப்பூண்டோ சணப்போ போட்டு மடக்கினால் மண்ணுக்கும் உரம், களைக்கும் அடி. நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு, எள் என்று மாற்றுங்கள். பயிர் மாறினால் களையும் மாறும், மருந்தின் எண்ணும் மாறும். வரிசை நடவு போட்ட இடத்தில் கோனோ வீடர் ஓட்டுங்கள். எந்தப் பூட்டும் இல்லாத ஆயுதம் அது, அதைத் தாங்கும் களை இன்னும் பிறக்கவில்லை. அறுவடை இயந்திரம் நம் வயலில் இறங்கும் முன் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். களை விதை இல்லாத விதை நெல்லைத் தேர்ந்தெடுங்கள்.

அரியானாவிலும் விவசாயிகளைக் கரையேற்றியதில் மருந்தை விட இது மாதிரி வேலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உழாமல் நேரடியாகக் கோதுமை விதைக்கும் கருவி வந்தது. மண்ணைக் கிளறாததால் மண்டூசி குறைவாக முளைத்தது. விதைப்பும் முன்கூட்டியே முடிந்ததால் புல் முளைக்கும் முன் கோதுமை எழுந்துகொண்டது. அங்கே உழாமல் ஜெயித்தார்கள், இங்கே கோடை உழவால் ஜெயிக்கலாம். களைக்குக் களை, மண்ணுக்கு மண் வழி மாறும். அதைச் சொல்லத்தான் ஊருக்கு ஒரு வேளாண் அலுவலர் வேண்டும் என்கிறோம்.

இவ்வளவையும் தனி ஆளாகச் செய்ய முடியாது. நான் பிடுங்கிவிட்டுப் பக்கத்து வயலில் விதை உதிர்ந்தால் என்ன பயன்? ஒரு வாய்க்கால் பாசனத்து விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் நடக்கும். அதற்குத்தான் சங்கம்.

மத்திய, மாநில அரசுகளே! எங்கள் கோரிக்கைகள் இவை

1. ஒவ்வொரு களைக்கொல்லி டப்பாவிலும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற எண்ணைப் பெரிதாக அச்சிட வேண்டும். பயன்படுத்தும் முறையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் தமிழில் தர வேண்டும்.

2. மருந்துக்குச் சாகாத களை என்று விவசாயி புகார் கொடுத்தால் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் விதை எடுத்து இலவசமாகச் சோதிக்க வேண்டும். முடிவை வட்டார வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும்.

3. வேளாண்மைத் துறையில் காலிப் பணியிடங்களை நிரப்பி, யோசனை சொல்லும் வேலையை மருந்துக்கடையிடமிருந்து மீட்க வேண்டும்.

4. கோனோ வீடர், பவர் வீடர் ஆகியவற்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும். பெண்கள் ஓட்டும் எடையில் கருவி வேண்டும்.

5. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளின் வயலில் களையெடுப்பையும் சேர்க்க வேண்டும். முழுக் கூலியும் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும்.

6. மேட்டூர் திறப்பதற்கு முன் கடைமடை வரை தூர் வார வேண்டும். தண்ணீர் நின்றால் பாதி மருந்து மிச்சம்!

7. களைக்கொல்லி தாங்கும் நெல் ரகம் எதையும் தமிழ்நாட்டுக்குள் விடுவதற்கு முன் விவசாயிகளைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். களை சாகாமல் போனால் இழப்பீடு யார் தருவார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

விவசாயப் பெருமக்களே!

அரியானாவில் வயல் முழுக்கப் புல் நின்ற பிறகுதான் ஆய்வு நடந்தது. நமக்கு அந்தக் கதி வேண்டாம். இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்றாய் நிற்கும்போதே அதைப் பிடுங்க வேண்டும், முப்பத்திரண்டு லட்சமாய் ஆன பிறகு அல்ல.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக வையுங்கள். மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் சாகாத களையை வேரோடு பிடுங்கிக் கட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த மருந்துக்குச் சாகவில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். மேசையில் வைத்துப் பதில் கேட்போம். பதில் வரும் வரை மறுபடி மறுபடி கொண்டு வருவோம்.

களைக்கு ஒற்றுமை இருக்கிறது. அதனால்தான் கூட்டமாக நின்று ஜெயிக்கிறது. நாமும் கூடி நிற்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!